மேலாளர்களுக்குச் சைபர் ஆபத்தைக் கையாளப் பழக்குவது எப்படி? மதுரைப் பக்கத்து நிறுவனங்களுக்கான முழு வழிகாட்டி

2018 பிப்ரவரியில், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியிலிருந்து, வங்கிகளுக்கிடையே பண உத்தரவு அனுப்பும் ஸ்விஃப்ட் வலை வழியாக மூன்று பரிமாற்றங்கள் வங்கிக்கே தெரியாமல் வெளிநாட்டுக்குப் போயின. மொத்தம் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர். ஸ்விஃப்டோடு இணைத்திருந்த பிரிண்டரை முதல் நாள் இரவே திருடர்கள் முடக்கியிருந்தார்கள். அதனால் பணம் போனதற்கான ஒப்புகைச் சீட்டு அச்சாகவில்லை. மறுநாள் கணக்கை ஒத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மூன்றில் ஒன்றை உடனே மறித்துவிட்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2016 பிப்ரவரியில், வங்கதேச மத்திய வங்கி 8.1 கோடி டாலரை இழந்தபோதும் இதே சங்கதிதான். அங்கும் பிரிண்டர் ஓடவில்லை. வழக்கமான கோளாறு என்று விட்டுவிட்டார்கள்.

‘பிரிண்டர் ஓடலை’ என்ற வார்த்தை எந்த ஆபீசிலும் தினமும் காதில் விழும். அதை ரிப்பேர்க்காரரிடம் தள்ளுவதா, இல்லை ‘இன்றைக்கு ஏன் ஓடவில்லை’ என்று நின்று கேட்பதா? இந்த முடிவு சிஸ்டம் பார்க்கும் தம்பியின் கையில் இல்லை. பிரிவை நடத்தும் மேலாளர் கையில் இருக்கிறது. எது வழக்கம், எது வழக்கத்துக்கு மாறு என்று அவருக்குத்தான் தெரியும்.

கப்பலூர் சிட்கோவிலும் புதூர் தொழிற்பேட்டையிலும் விளக்குத்தூண் ஜவுளிக் கடைகளிலும் மேலாளர்களைக் கேட்டுப் பாருங்கள். ‘அது ஐடி ஆளு வேலை சார்’ என்பார்கள். மேலாளருக்கு வைரஸ் பாடம் நடத்தி இந்த எண்ணத்தை மாற்ற முடியாது. ஒரு சிக்கல் வந்தால் யார் நிறுத்தச் சொல்வது, யார் பணம் அனுப்பக் கூடாது என்பது, யார் வெளியே பேசுவது என்ற முடிவுகளை அவர்களே எடுத்துப் பழக வேண்டும். கீழே உள்ள முறை அதற்காகத்தான். முப்பதிலிருந்து முந்நூறு பேர் வரை வேலை பார்க்கும் நிறுவனத்தில், முதலாளியோ எச்ஆரோ ஐடி பொறுப்பாளரோ தாங்களே நடத்திவிடலாம்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் கம்பெனியை வைத்துக்கொள்வோம். கப்பலூரில் வண்டிகளுக்கான ரப்பர் பாகங்கள் செய்யும் ஆலை, 120 பேர்.

படி 1: ஆளையும் நாளையும் முடிவு செய்யுங்கள்

பத்திலிருந்து பதினைந்து பேர் போதும். கணக்கு, கொள்முதல், ஸ்டோர்ஸ், உற்பத்தி, டிஸ்பாட்ச், எச்ஆர் ஆகிய பிரிவுகளின் தலைகள் வேண்டும். வரவேற்பில் உட்காருபவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளி ஆட்களின் முதல் போனை எடுப்பவர் அவர்தான். குடும்பக் கம்பெனி என்றால் பதவிப் பலகையில் இல்லாத ஒருவர் இருப்பார். முதலாளியின் மைத்துனரோ சித்தப்பாவோ பணம் கட்டும் அனுமதி கொடுப்பார். அவர் வராவிட்டால் வகுப்பே வீண்.

முதலாளி முழு நேரமும் உட்கார வேண்டும். இரண்டு வார்த்தை பேசி, குத்துவிளக்கு ஏற்றிவிட்டுக் கிளம்பினால் அடுத்த ஐந்தாவது நிமிடம் எல்லார் கையிலும் செல்போன் ஏறிவிடும்.

நாள் பார்ப்பதில் கவனம் வேண்டும். கடைசித் தேதிகள் இவை: மாதம் 7 டிடிஎஸ், 11 ஜிஎஸ்டிஆர்-1, 15 பிஎஃப், 20 ஜிஎஸ்டிஆர்-3பி. இந்தத் தேதிகளை ஒட்டி வைத்தால் கணக்குப் பிரிவின் உடம்பு மட்டும்தான் வகுப்பில் இருக்கும். 21க்கு மேல் வசதி. ஜவுளிக் கடைக்காரர்கள் ஆடித் தள்ளுபடியையும் தீபாவளியையும் தவிர்க்கட்டும். முகூர்த்த நாளைப் பார்க்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மூன்று அமர்வு, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், வாரம் ஒன்று. ஒரே நாளில் ஆறு மணி நேரம் ஓட்டினால் மதியச் சாப்பாட்டோடு எல்லாம் மறந்துபோகும். தமிழில் நடத்துங்கள். திரையில் இங்கிலீஷ் வாசகம் ஓடினால் கேள்வி கேட்கத் தயங்குவார்கள். கேள்வி வராத வகுப்பில் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதும் வெளியே வராது.

படி 2: வகுப்புக்கு முன் ஒரு சுற்று நடங்கள்

இந்தப் படியை எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். ஆனால் வகுப்புக்கு வேண்டிய சரக்கு முழுக்க இங்கேதான் கிடைக்கும். கையில் ஒரு கோடு போட்ட நோட்டு, அரை நாள் அவகாசம், கூட ஐடி ஆள். யாரையும் குற்றம் பிடிக்க வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, ஒவ்வொரு மேசையிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ‘இது நின்னா உங்க வேலை எத்தனை மணி நேரம் ஓடும்?’

நம் ரப்பர் கம்பெனியில் நடந்தால் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். டேலி என்ற கணக்கு மென்பொருள் ஓடும் கணினி கேஷியர் மேசைக்குக் கீழே, மிதியடிக்குப் பக்கத்தில். அதன் பின்புறத்தில் ஒரு பென் டிரைவ் செருகியபடியே இருக்கிறது, அதுதான் பேக்கப். கணினிக்கு வந்தது அதற்கும் வரும் என்பதை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். நெட்பேங்கிங்கில் பதிவு செய்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் இன்னொருவர் என்று வங்கி பிரித்துத்தான் கொடுத்திருக்கும். முதலாளி வெளியூர் போகும்போது சிரமம் என்று இரண்டு பாஸ்வேர்டும் கேஷியரிடமே வந்து சேர்ந்திருக்கும். ஓடிபி வரும் போனும் அதே மேசை டிராயரில். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆடிட்டர் ஆபீசில், மற்ற இருபது கம்பெனி டோக்கன்களோடு ஒரு டப்பாவில் கிடக்கும், பாஸ்வேர்டு ஒட்டிய ஸ்டிக்கரோடு.

எடைமேடைக் கணினியில், தொலைவிலிருந்து இயக்க உதவும் எனிடெஸ்க் மென்பொருள் எப்போதும் திறந்திருக்கும், சர்வீஸ்காரர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வர வசதியாக. சிசிடிவி பெட்டியின் பாஸ்வேர்டு வாங்கிய நாளில் இருந்தது. போன வருஷம் வேலையை விட்டுப் போன கொள்முதல் ஆளின் மின்னஞ்சல் இன்னும் உயிரோடு இருக்கும். ‘பழைய சப்ளையர் அதுக்குத்தான் மெயில் போடுறாங்க’ என்பார்கள்.

இவற்றில் எதுவும் சோம்பேறித்தனத்தால் வந்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நியாயமான அவசரம் இருந்திருக்கிறது. மேலாளர்களிடம் பேசும்போது இந்த மதிப்பு உங்கள் குரலில் இருக்கட்டும். இல்லாவிட்டால் அடுத்த மேசையில் உண்மை வராது.

படி 3: ஆபத்தை ரூபாயிலும் மணியிலும் எழுதச் சொல்லுங்கள்

முதல் அமர்வின் முதல் பாதி இது. ‘ஹேக்கிங் அபாயம், உயர் நிலை’ என்று எழுதும் சிவப்பு, மஞ்சள், பச்சைக் கட்டங்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. சிவப்பு என்றால் எவ்வளவு என்று முதலாளி கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. அதற்குப் பதில் ஒவ்வொரு மேலாளரும் தன் பிரிவுக்கு மூன்று வாக்கியம் எழுதட்டும். ஒவ்வொன்றிலும் நான்கு சங்கதி வேண்டும்: என்ன நடக்கும், எந்த ஓட்டை வழியாக, எவ்வளவு போகும், யார் பொறுப்பு.

டிஸ்பாட்ச் மேலாளர் முதலில் இப்படி எழுதுவார்: ‘டேலி லாக் ஆனால் லாரி போகாது.’ அதோடு விடாதீர்கள். ஏன் போகாது? சரக்கு அனுப்பத் தேவையான இ-வே பில் தளத்தை வேறு கணினியிலோ போனிலோ திறக்கலாமே? அப்போதுதான் யோசிப்பார். தளம் திறக்கும், ஆனால் அடுத்த பில் நம்பர் என்ன, அந்த வாடிக்கையாளருக்கு என்ன விலை, எந்த ஆர்டருக்கு எத்தனை பாகம் பாக்கி என்பதெல்லாம் டேலிக்குள் இருக்கிறது. சரி, அந்த மூன்றையும் தினமும் சாயங்காலம் ஒரு தாளில் அச்சடித்து ஃபைலில் வைத்தால்? மறுநாள் லாரி கிளம்பிவிடும். பெரிய மென்பொருள் எதுவும் வாங்காமல், தன் வேலையை அறிந்த மேலாளர் கண்டுபிடித்த பாதுகாப்பு இது. இப்படி ஒன்று அந்த அறையில் பிறந்துவிட்டால் மற்றவர்கள் தாங்களாகவே எழுத ஆரம்பிப்பார்கள்.

வாக்கியங்கள் சேர்ந்ததும் ரூபாய்க் கணக்குப்படி வரிசைப்படுத்துங்கள். மேலே வரும் ஐந்தை மட்டும் இந்த ஆண்டு பார்த்தால் போதும். பெரிய வண்டிக் கம்பெனிகளுக்குப் பாகம் கொடுப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் இன்னொரு வகையிலும் உதவும். அவர்களிடமிருந்து பாதுகாப்புக் கேள்வித்தாள் வரும்போது எழுத ஏதாவது கையில் இருக்கும். அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2024 பிப்ரவரியில் தன் சைபர் பாதுகாப்புச் சட்டகத்தின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டபோது, நிர்வாகப் பொறுப்பை ஒரு தனிச் செயல்பாடாகவே சேர்த்தது. கேட்பவர்கள் இப்போது ஃபயர்வாலோடு நிற்பதில்லை; யார் பொறுப்பு என்றும் கேட்கிறார்கள்.

படி 4: பணம் எப்படிப் போகிறது என்று காட்டுங்கள்

நம் அளவு நிறுவனங்களில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் வங்கிக் கணக்குதான். ரசாயனம் சப்ளை செய்யும் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வரும்: ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது, இந்த மாதத்திலிருந்து புதிய கணக்கில் செலுத்தவும்.’ லெட்டர்ஹெட் அசலாக இருக்கும். பாக்கித் தொகை சரியாக இருக்கும், ஏனென்றால் திருடர் அந்த சப்ளையரின் மெயில்பெட்டிக்குள் உட்கார்ந்து பல நாள் படித்திருப்பார். முகவரியில் மட்டும் சின்ன மாற்றம். ஆங்கில ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டிப் போட்டிருப்பார். இதை ஒரு தாளில் பத்து அளவு எழுத்தில் அச்சடித்துக் கொடுத்து, வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கண்ணாடி போட்டவர்கள் தோற்பார்கள், போடாதவர்களும் தோற்பார்கள். கண்ணை நம்பிப் பயனில்லை என்று அவர்களே சொல்லும்வரை காத்திருங்கள்.

இதற்கு விதி ஒன்றுதான். வங்கிக் கணக்கு மாற்றம் எந்த வழியில் வந்தாலும், நம் பழைய நோட்டிலுள்ள நம்பருக்கு நாமே கூப்பிட்டுக் கேட்க வேண்டும். மெயிலில் கொடுத்த நம்பருக்குக் கூப்பிடக் கூடாது.

அடுத்தது முதலாளி பெயரில் வருவது. வாட்ஸ்அப்பில் அவர் படம், புது நம்பர், ‘மீட்டிங்கில் இருக்கிறேன், அவசரமாக ஐந்து லட்சம் போடு’. குரலும் முகமும் கூட இனி சாட்சி ஆகாது. 2024ல் அரப் என்ற பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் அலுவலகத்தில், வீடியோ கூட்டத்தில் உயர் அதிகாரிகளைப் பார்த்துப் பேசியதாக நம்பி ஒரு ஊழியர் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். கூட்டத்தில் தெரிந்த முகங்கள் அத்தனையும் போலி.

நம்மூரில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. கேஷியர் முதலாளியைத் திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று இரண்டு பக்கமும் நினைக்கிறார்கள். அதனால் இதை வாய்விட்டு நடித்துப் பழக வேண்டும். முதலாளியை அறைக்கு வெளியே அனுப்பி, அங்கிருந்து கேஷியருக்குப் போன் போடச் சொல்லுங்கள்.

“ஏம்மா, நான்தான் பேசுறேன். அந்த நம்பருக்கு ஒரு மூணு லட்சம் போட்டு விடு, வந்து சொல்றேன்.”

“சரிங்க சார். வச்சிடுங்க, நான் உங்க பழைய நம்பருக்கு ஒரு தடவ கூப்பிட்டுக் கேட்டுட்டுப் போட்டுடுறேன்.”

“அதான் நானே பேசுறேனே, நம்பிக்கை இல்லையா?”

“நீங்க போட்ட ரூல்தான் சார்.”

இந்தக் கடைசி வரியைச் சொல்லக் கேஷியருக்கு நாலைந்து ஒத்திகை ஆகும். முதல் தடவை சிரிப்பு வரும், இரண்டாவது தடவை குரல் இறங்கும். விடாமல் செய்யுங்கள். அப்புறம் முதலாளி உள்ளே வந்து, எல்லார் முன்னாலும், ‘நானே சத்தம் போட்டாலும் சரிபார்க்காமல் அனுப்பாதே, இதற்காக யாரையும் கோபிக்க மாட்டேன்’ என்று சொல்ல வேண்டும். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கணக்குப் பிரிவுச் சுவரில் ஒட்டினால் இன்னும் நல்லது. மூன்று அமர்வில் எதையாவது விட்டே ஆக வேண்டும் என்றால் மற்றதை விடுங்கள், இதை விடாதீர்கள்.

சப்ளையருக்குக் கூப்பிடுவதையும் இதே போல ஒரு தடவை நடித்துப் பாருங்கள். “அண்ணே, கோவிச்சுக்காதீங்க, அக்கவுண்ட் மாத்தினது நீங்கதானான்னு கேட்கத்தான் கூப்பிட்டேன்” என்றால் எந்த வியாபாரியும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

படி 5: ஐடி ஆளிடம் என்ன கேட்பது என்று சொல்லிக் கொடுங்கள்

இரண்டாம் அமர்வு. தொழில்நுட்பம் இங்கே கொஞ்சம் வரும், ஆனால் கேள்வி வடிவில் மட்டும். மேலாளர் விடையைச் செய்ய வேண்டியதில்லை. நல்ல விடை எப்படி இருக்கும் என்று தெரிந்தால் போதும்.

பேக்கப் பற்றிய கேள்வியை எல்லாரும் தப்பாகவே கேட்கிறார்கள். ‘பேக்கப் எடுக்கிறோமா?’ என்றால் ‘எடுக்கிறோம் சார்’ என்ற பதில்தான் வரும். ‘கடைசியாக எப்போது திருப்பி ஏற்றிப் பார்த்தீர்கள், எத்தனை மணி நேரம் ஆனது?’ என்று கேளுங்கள். தேதியும் மணியும் சொன்னால்தான் அது பேக்கப். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்பது பழைய விதி. அதில் ஒன்றாவது நெட்வொர்க்கோடு ஒட்டாமல் இருக்க வேண்டும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நடைமுறையில் இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றி, மற்றதை முதலாளி வீட்டு பீரோவில் வைத்தாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. டிஸ்கில் பாஸ்வேர்டுப் பூட்டு போட மறக்காதீர்கள். வகுப்பு நடக்கும்போதே ஐடி ஆள் பக்கத்து அறையில் நேற்றைய டேலி பேக்கப்பை ஒரு காலிக் கணினியில் ஏற்றட்டும். இரண்டு மணி நேரத்தில் முடிகிறதா என்று எல்லாரும் பார்க்கட்டும்.

மற்ற கேள்விகளைச் சட்டென்று முடித்துவிடலாம். மெயிலுக்கும் தொலைவிலிருந்து நுழையும் வழிகளுக்கும் பாஸ்வேர்டுக்கு மேல் ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு இருக்கிறதா? 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் எரிபொருள் குழாய் நின்றுபோனதற்கு, தொலைவிலிருந்து நெட்வொர்க்கில் நுழைய உதவும் விபிஎன்னில், பயன்பாட்டில் இல்லாத ஒரு கணக்கின் பாஸ்வேர்டு போதுமானதாக இருந்தது. இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. விண்டோஸ் திருத்தங்களை எத்தனை நாளில் போடுகிறோம்? 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற தீம்பொருள் உலகைச் சுற்றியபோது, அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. வேலையை விட்டுப் போகிறவரின் லாகின் எந்த நாளில் மூடப்படுகிறது? கடைசிச் சம்பளக் கணக்கோடு அதையும் ஒரு கட்டமாகச் சேர்ப்பது எச்ஆர் வேலை, ஐடி வேலை இல்லை.

வெளி ஆட்கள் வழியாக வருவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்ற நிறுவனத்தின் மேல் ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது, அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது. அது தொழில்நுட்பச் சேவை கொடுத்துவந்த கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளுமாகக் கிட்டத்தட்ட 300 சிறு வங்கிகளைப் பரிவர்த்தனை வலையிலிருந்து தற்காலிகமாகப் பிரித்து வைத்தார்கள். அந்த வங்கிகள் மேல் நேரடியாக யாரும் கை வைக்கவில்லை. நம் எடைமேடை சர்வீஸ்காரர், ஆடிட்டர் ஆபீஸ், வருகைப்பதிவு மென்பொருள்காரர் ஒவ்வொருவரும் நம் வீட்டுச் சாவி வைத்திருப்பவர்களே. கொள்முதல் மேலாளர் அவர்கள் பட்டியலை வைத்துக்கொண்டு, எனிடெஸ்க்கை வேலை நேரத்தில் மட்டும், கேட்ட பிறகு மட்டும் திறக்கும் பழக்கத்தைக் கொண்டுவர வேண்டும்.

படி 6: ஒத்திகை நடத்துங்கள்

மூன்றாம் அமர்வு முழுக்க இதற்கே. கணினி எதுவும் வேண்டாம். ஒரு நீள மேசை, ஆறு உறை, சுவரில் ஒரு கடிகாரம்.

தேதியை இப்படி வையுங்கள்: சித்திரைத் திருவிழா, மறுநாள் விடிந்தால் கள்ளழகர் ஆற்றில் இறங்குகிறார். மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை, பாதி ஆட்கள் மண்டகப்படிக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் கிளம்பிவிட்டார்கள். திருடர்களுக்கு விடுமுறைக் காலண்டர் நன்றாகத் தெரியும். வங்கதேச வங்கித் திருட்டு வியாழன் இரவு நடந்தது. வெள்ளி அங்கே வார விடுமுறை, சனி ஞாயிறு நியூயார்க்கில் விடுமுறை, திங்கள் பிலிப்பைன்ஸில் சீனப் புத்தாண்டு.

முதல் உறை, மாலை 6.40. டிஸ்பாட்ச் உதவியாளர் கூப்பிடுகிறார்: ஃபைல்கள் எதுவும் திறக்கவில்லை, பெயர்கள் எல்லாம் மாறிக் கிடக்கின்றன. பத்து நிமிடத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். இரண்டாவது உறை, ஸ்டோர்ஸ் கணினியிலும் அதே கதை. மூன்றாவது, திரையில் பணம் கேட்டு ஓர் அறிவிப்பு, 72 மணி நேரக் கெடு. நான்காவது, ஓசூரிலிருந்து வாடிக்கையாளர்: “காலைல லோடு வருமா வராதா? ஏதோ கேள்விப்பட்டோமே?” ஐந்தாவது, ஒரு செய்தியாளர் வாசலில். ஆறாவது, முதலாளியின் மைத்துனர்: “கேக்குறத கொடுத்துத் தொலைச்சிட்டு வேலையப் பாருங்க மாப்ள.”

நடத்துபவர் ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்: ‘யார் சொன்னால் இது நடக்கும்?’ முதல் உறையிலேயே திணறல் தொடங்கிவிடும். ஆலை நெட்வொர்க்கை மொத்தமாகத் துண்டிக்க வேண்டும் என்று எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். முதலாளியைக் கேட்காமல் துண்டிக்க யாருக்கும் தைரியம் இருக்காது. முதலாளி போன் புதூர்க் கூட்டத்தில் எடுபடாது. ஆகவே அந்த ஷிஃப்டின் மூத்த மேலாளர் யாரையும் கேட்காமல் நெட்வொர்க்கை வெட்டலாம், தப்பாகப் போனாலும் அவர்மேல் பழி வராது என்று அங்கேயே எழுதி முடியுங்கள்.

ஐடி ஆளின் நம்பர் எங்கே என்று கேட்டால், பூட்டிப்போன கணினிக்குள் இருக்கும். இன்னொருவர் ஓடிப்போய் எல்லாக் கணினியையும் ஆஃப் செய்யச் சொல்வார். அதைத் திருத்த வேண்டும். நெட்வொர்க் வயரைப் பிடுங்குவதும் வைஃபையை அணைப்பதும்தான் முதல் வேலை. கணினியை ஓடவிட்டால் விசாரணைக்கு வேண்டிய தடயம் நினைவகத்தில் மிஞ்சும். துண்டிக்கவே வழியில்லை என்றால் மட்டும் அணைக்கலாம்.

மைத்துனர் உறைக்கு நேரம் கொடுங்கள், விவாதம் சூடாகும். கலோனியல் பைப்லைன் 44 லட்சம் டாலர் கொடுத்தது. கைக்கு வந்த பூட்டு திறக்கும் மென்பொருள் மிக மெதுவாக ஓடியதால், தங்கள் சொந்தப் பேக்கப்பிலிருந்தும் மீட்க வேண்டி வந்தது. பணம் கொடுப்பதில்லை என்பது என் கட்சி. ஆனால் உங்கள் கம்பெனியின் நிலையை முதலாளி இன்றைக்கு, அமைதியான நேரத்தில் சொல்லிவிட வேண்டும்.

கணினி இல்லாமல் எத்தனை நாள் ஓட்ட முடியும் என்பதையும் அதே மேசையில் கேளுங்கள். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை தாக்கப்பட்டபோது பதிவு, பில், பரிசோதனை முடிவு எல்லாம் சுமார் இரண்டு வாரம் கையெழுத்தில் நடந்தன. மதுரை தனியார் மருத்துவமனைக்காரர்கள் இந்தப் படியைத் தங்கள் ஓபி சீட்டோடு நடத்திப் பார்க்கட்டும். அச்சடித்த வெற்றுப் படிவம் எத்தனை கட்டு இருக்கிறது என்பதிலேயே பாதி விடை வந்துவிடும்.

படி 7: முதல் ஆறு மணி நேரத்துக்கான தாள்

ஒத்திகை முடிந்ததும் சூடு ஆறுவதற்குள் ஒரே பக்கத்தில் எழுதி, லேமினேட் செய்து, செக்யூரிட்டி அறையில் ஒன்று, கணக்குப் பிரிவில் ஒன்று மாட்டுங்கள். ஆட்களின் பெயரும் போன் நம்பரும் கையால் எழுதியிருந்தாலும் சரி.

பணம் போயிருந்தால் முதல் போன் 1930, சைபர் குற்ற உதவி எண். கூடவே வங்கிக்கு. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. பரிமாற்ற எண், நேரம், தொகை கையில் இருக்கட்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிய வேண்டும்.

கணினி அமைப்பு தாக்கப்பட்டிருந்தால் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு, தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட ஆணை அது. கணினி தானாக எழுதும் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் அது சொல்கிறது. ஆறு மணி நேரத்தில் முழு விவரம் யாரிடமும் இருக்காது. தெரிந்ததை முதலில் அனுப்பலாம், மீதியைப் பிறகு. இதை மேலாளர்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள், ஏனென்றால் ‘எல்லாம் தெரிஞ்சதும் சொல்லிக்கலாம்’ என்றுதான் ஆறு மணி நேரமும் ஓடிப்போகிறது.

ஊழியர் ஆதார், நோயாளி விவரம், வாடிக்கையாளர் போன் நம்பர் போன்றவை கசிந்தால் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். தகுந்த பாதுகாப்பு வைக்காததற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களுக்கான பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். அவகாசம் இருக்கும்போதே, யாருடைய என்ன தகவல் நம்மிடம் இருக்கிறது என்ற பட்டியலை எச்ஆர் தொடங்கிவிடட்டும்.

வெளியே பேசுபவர் ஒருவர் மட்டும். ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று முதல் மணியில் சொல்ல அவருக்கு அனுமதி கிடையாது. 2019 அக்டோபர் 29 அன்று கூடங்குளம் அணுமின் நிலையத்திலிருந்து, தாக்குதல் செய்தி பொய் என்று மறுப்பு வந்தது. மறுநாளே, நிர்வாக வேலைக்கான ஒரு கணினியில் தீம்பொருள் இருந்தது உண்மை, உலையின் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்குப் பாதிப்பில்லை என்று அணுமின் கழகம் சொல்ல வேண்டி வந்தது. இரண்டாவது அறிக்கையை முதல் நாளே கொடுத்திருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். ‘ஒரு கோளாறு வந்திருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறோம், நாளைக் காலை பத்து மணிக்கு நானே கூப்பிடுகிறேன்’ என்ற வாக்கியத்தை ஓசூர் வாடிக்கையாளருக்குச் சொல்லிப் பழகுங்கள். பத்து மணிக்குக் கூப்பிடுங்கள்.

படி 8: வந்து சொல்பவரைத் திட்டாத பழக்கம்

தப்பான இணைப்பைச் சொடுக்கியவர் ஐந்து நிமிடத்தில் வந்து சொன்னால் ஒரு கணினியோடு போகும். பயந்து மறைத்தால் ஆலை முழுக்கப் பரவும். மேலாளரின் முகத்தைப் பார்த்துத்தான் அவர் வந்து சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். ‘சொன்னது நல்லதாப் போச்சு, எத்தனை மணிக்கு நடந்துச்சு?’ என்பது முதல் பதிலாக இருக்கட்டும்.

போலி மெயில் அனுப்பிச் சோதிப்பதில் தவறில்லை. ஆனால் தீபாவளி போனஸ் என்று தூண்டில் போடாதீர்கள். இணையதளப் பெயர்கள் விற்கும் கோடாடி நிறுவனம் 2020 டிசம்பரில் பண்டிகை போனஸ் தருவதாகச் சோதனை மெயில் அனுப்பி, ஊழியர்களின் கோபத்துக்கு ஆளாகி மன்னிப்புக் கேட்டது. கொரியர் வந்திருக்கிறது, ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்திருக்கிறது போன்ற தலைப்புகள் போதும். யார் சொடுக்கினார்கள் என்ற பட்டியலை ஒட்டாதீர்கள். முதல் புகார் எத்தனை நிமிடத்தில் வந்தது என்பதை மட்டும் எழுதி வையுங்கள். அந்த எண் குறைந்துகொண்டே வந்தால் பயிற்சி வேலை செய்கிறது.

படி 9: ஆண்டு முழுக்க உயிரோடு வைத்திருக்க

மாதாந்திரக் கூட்டத்தில் உற்பத்தி, வசூல் எண்களுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பேக்கப் கடைசியாகத் திருப்பி ஏற்றிய தேதி, வேலை விட்டவர்களில் மூடாத லாகின்கள், அந்த மாதம் வந்த சந்தேகப் புகார்கள். சந்தேகப் புகார் பூஜ்யம் என்று வந்தால் சந்தோஷப்படாதீர்கள், ஆட்கள் சொல்வதை நிறுத்திவிட்டார்கள் என்று பொருள்.

புதிதாகச் சேரும் மேலாளருக்குச் சுவரில் ஒட்டிய விதியையும் லேமினேட் தாளையும் முதல் வாரமே அரை மணி நேரம் காட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகையைத் திருப்பி நடத்துங்கள், உறைகளை மாற்றி. ஒருமுறை ரான்சம்வேர், ஒருமுறை போன பணம், ஒருமுறை வேலை விட்டுப் போனவர் வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துக்கொண்டு போனது.

இரண்டாவது ஒத்திகையில் ஒரு மாற்றம் செய்யுங்கள். முதல் தடவை எல்லாவற்றுக்கும் டக்கென்று பதில் சொன்ன கெட்டிக்கார மேலாளர் ஒருவர் இருப்பார் இல்லையா, அவரை மேசையிலிருந்து எழுப்பி ஓரமாக உட்காரவையுங்கள். குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு போயிருக்கிறார், அங்கே சிக்னல் கிடையாது. அப்புறம் முதல் உறையைப் பிரியுங்கள்.